உருளைக்கு முதுகு கிடையாது

உருளை மேல் சுற்றிச் சுற்றி வெட்டுகிற எங்கள் தொழிலில், பொழுது அடைந்த பிறகு மெஷினிலிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்டால், அதற்கு முழுப் பொறுப்பு வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய ஆள்தான். அந்த ஆள் நான்.

அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்கு வாட்ஸப்பில் வந்தது. தொப்... தொப்... தொப்தொப்தொப்தொப். யாரோ ஈரக் கையால் கண்ணாடியில் அறைகிற மாதிரி, வரவர வேகமாக. பிறகு ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை. அனுப்பியவர் எங்கள் பட்டறை ஆபரேட்டர் காதர். கூட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. மடியில் இருந்த என் ரெண்டு வயது மகள், வாயில் இட்லியோடு அதைக் கேட்டுவிட்டு, "மாமா கை தட்டுதாங்க" என்றாள். எனக்கு அது கைதட்டலாகக் கேட்கவில்லை. போன் அடித்தாலே பயப்படுகிற பிறவி நான். கான்வென்ட்டில் படித்தபோது அடுத்த பெஞ்சுக்காரியைச் சிஸ்டர் எழுப்பி நிறுத்தினாலும் எனக்குத்தான் கால் நடுங்கும்.

நீங்களும் என் ஜாதி என்றால், அதிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மருமகள் என்றால், பயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை; வேலையை மட்டும் விளக்கினால் போதும். சப்பாத்திக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கோலம் போட்டு அதைக் கட்டையைச் சுற்றி ஒட்டினால், கோலத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் பின்பக்கம் போய்ச் சரியாகச் சந்திக்க வேண்டும். தாளுக்குப் பதில் கம்ப்யூட்டரில் வரைந்து, ஒட்டுவதற்குப் பதில் மெஷினை வைத்து வெட்டவைப்பது என் வேலை. கட்டையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிற ரோட்டரி என்ற சாமானுக்கு டிகிரி மட்டும்தான் புரியும், மில்லிமீட்டர் புரியாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டும். புருசன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நிற்கிற ஆளுக்கு என்ன மரியாதையோ, அதுதான் எனக்கும்.

பட்டறை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி ஒரு தகரக் கொட்டகை; புது வேலை வந்தால் நானும் அங்கே போய் வருவேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஆனியில் சாரல் விழ ஆரம்பித்தபோது அந்த ரோட்டரியை வாங்கி மாட்டினார். "சீசன் முடியது வரைக்கும் பாப்பேன். வேலை வந்தா இருக்கட்டும். வரலைன்னா கழத்தி வித்துருவேன்" என்றார். ரோட்டரியைக் கழற்றினால் என்னையும் கழற்றியதாகத்தான் அர்த்தம். தட்டை வேலைக்குப் புரோகிராம் எழுத அவர் தம்பி மகன் தயாராக இருக்கிறான். வீட்டிலும் அதே கெடு. என் கணவர் ராணுவத்தில், வடக்கே இருக்கிறார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இலத்தூரிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்தார். "சாரல் நிக்கது வரைக்கும் இருப்பேன். பெறவு இந்த வேலைய விட்டுட்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அருவியில் தண்ணீர் எப்போது விழும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அது எப்போது நிற்கும் என்று நடுங்கியவள் நான் ஒருத்திதான்.

பத்துச் சுற்று

சத்தத்துக்கு வருகிறேன். கயிறு திரிக்கிற ஒருவருக்கு நைலான் உருளை. கயிறு வரிசையாகப் படிவதற்கு அதன் மேல் திருகாணி மரை மாதிரி பத்துச் சுற்றுப் பள்ளம் வெட்ட வேண்டும். வெட்டி முடித்ததும் "பூஜ்ஜியத்துக்கு வா" என்று கடைசி வரி எழுதியிருந்தேன். பூஜ்ஜியம் பக்கத்திலேயேதானே இருக்கிறது என்று நீங்களும் நானும் நினைப்போம். ரோட்டரி அப்படி நினைக்காது. பத்துச் சுற்று முன்னால் போனவன் பத்துச் சுற்றும் பின்னால் வந்தால்தான் பூஜ்ஜியம் என்பது அதன் கணக்கு. அதுவும் வெட்டுகிற வேகத்தில் வராது, வீட்டுக்குப் போகிற வேகத்தில் வரும்.

இதில் இன்னொரு சங்கதி. சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் துணி காயாது. காதர் தன் ஈரச் சாரத்தை, அதாவது கைலியை, மெஷினுக்குள்ளேதான் கொஞ்சம் சூடு இருக்கிறது என்று உள்ளே இருக்கிற குழாயில் காயப் போட்டிருந்தார். நைலானுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்பதால் அவருக்கு வசதி. பள்ளம் வெட்டும்போது உருளை மெதுவாகத் திரும்பியது. சாரம் சும்மா தொங்கியது. திரும்பி வந்த வேகத்தில் காற்று அடித்து, அதன் முனை போய் உருளையில் மாட்டிக்கொண்டது. தொப் தொப் என்றது ஈரச் சாரம். முனகியது காதர். மெஷினை நிறுத்திவிட்டு, அதை அவிழ்த்துக்கொண்டே எனக்கு போன் போட்டார்.

"துபாய்லேர்ந்து கொண்டாந்த சாரம் மேடம். இவ்வளவு டைட்டா நானே ஒரு நாளும் கட்டுனதில்ல."

சும்மா கிடக்கிற கட்டை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அத்தைக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. திரையில் உருளையைச் சுழற்றிக் காட்டினேன். வெட்டுகிற முனை எங்கெங்கே போகிறது என்பதை நீலக் கோடாகக் காட்டினேன். அத்தை கையில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பொறுமையாகப் பார்த்தார். "இதுல எங்கன வெட்டுதே?" என்றார். இங்கே வெட்டுவதில்லை, பட்டறையில் வெட்டும் என்றேன். "அப்பம் வெட்டுதது அந்த காதரு. நீ வெட்டலை." அது வெட்டுவதற்கு வழி சொல்வது நான் என்றேன். "வழி சொல்லுததுக்கு ஒரு சம்பளம். நல்லாருக்கு" என்றவர் கீரையோடு எழுந்துபோய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் கூப்பிட்டார். என்னம்மா செய்கிறாள் என்று கேட்டிருப்பார் போல. அத்தை என் காதில் விழவேண்டும் என்பதற்காகவே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ஒம் பொண்டாட்டியா? காலைலேர்ந்து கம்ப்யூட்டர்ல கட்டைய உருட்டுதா. அடுக்களையில நெசக் கட்டை சும்மா கிடக்கு."

சோப்புக்காரர்

குற்றாலத்தில் மூலிகைச் சோப்பு போடுகிற ஒருவர் வந்தார். நீளச் சோப்புப் பாளத்தின் மேல் உருட்டினால் தன் கடைப் பெயரும் ஒரு துளசி இலையும் வரிசையாகப் பதிய வேண்டும். அதற்கு ஒரு பித்தளை உருளை. உருளையில் பெயர் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறித்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் சோப்பில் நேராக விழும். ரப்பர் ஸ்டாம்ப் பார்த்த யாருக்கும் தெரியும். அப்படித்தான் வெட்டிக் கொடுத்தோம். அவர் உருளையைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "என் கடைப் பேரையே தலைகீழாக்கிட்டியளே" என்று சத்தம் போட ஆரம்பித்தார். நான் விளக்கினேன். காதர் விளக்கினார். மாவில் உருட்டிக் காட்டுகிறேன் என்று காதர் மாவுக்கு ஆள் விட்டார். அதற்குள் அண்ணாச்சி, "வாடிக்கையாளர் கேக்கத செஞ்சு குடுங்கப்பா, சீசன்ல தேடி வந்த ஆளு" என்று எங்கள் கையைக் கட்டிவிட்டார்.

கேட்டதைச் செய்து கொடுத்தோம். உருளையில் பெயர் ஜம்மென்று நேராக இருந்தது. ஒரு வாரம் கழித்து அவரே ஒரு பை நிறையச் சோப்போடு வந்தார். அத்தனையிலும் பெயர் திரும்பிக்கொண்டு நின்றது. நான் பட்டறைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டேன். மனிதர் கோபப்படவில்லை. ஆளுக்கொரு சோப்பு கொடுத்தார்.

"அதனால என்ன மேடம். முகம் கழுவுதவன் கண்ணாடி முன்னாலதான நிப்பான், வாசிச்சுக்கிடுவான்."

மயில்

பஜாரில் மரச் சாமான் கடை போட்டிருக்கிற ஒருவருக்கு மயில் வெட்டிய சப்பாத்திக் கட்டைகள். கட்டையைச் சுற்றி ஆறு மயில், தோகை விரித்து. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாக வரைந்தேன். விட்டம் அறுபது என்று போட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போனேன். போன நேரத்தில் என் மகள் நாற்காலியில் ஏறி ஒரே ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒரு பூஜ்ஜியம். விட்டம் அறுநூறு ஆகிவிட்டது.

கட்டை பத்து மடங்கு பெருத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நம்பியது. அவ்வளவு பெரிய சுற்றளவில் ஆறு மயிலும் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். அந்த ஓரத்துக்கான டிகிரியை மட்டும் ரோட்டரிக்குச் சொன்னது. நான் திரையில் மயிலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் அத்தனை அழகு. உருளையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. பட்டறையில், நிஜக் கட்டையில், ஆறு மயிலும் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு, தோகை ஈர்க்குச்சியாக, கழுத்து நூலாக நின்றன. மீதிக் கட்டை மொட்டை. மூன்று கட்டை ஓடிய பிறகுதான் காதர் கவனித்தார்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க அண்ணாச்சி என்னையே அனுப்பினார். மூன்று கட்டையையும் நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்து முடிக்கும் வரை நின்றேன். திருப்பிக் கொடுப்பார் என்று பையை விரித்தால், மூன்றையும் முன்வரிசையில் அடுக்கிவிட்டார்.

"மயிலு எல்லாக் கடையிலயும் இருக்கு மேடம். ஓணான் நம்மகிட்ட மட்டுந்தான்."

மூன்று சாமி

புது வேலை தொடங்குமுன் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணாச்சி மெஷின் நெற்றியில் திருநீறு பூசுவார். காதர் பிஸ்மி சொல்லிப் பொத்தானில் விரலை வைப்பார். நான் கான்வென்ட் பழக்கத்தில் கண்ணை மூடி மாதா ஜெபத்தை இங்கிலீஷில் முணுமுணுப்பேன். எங்கள் வீட்டில் கும்பிடுவது முருகனை, ஆனால் பயம் வந்தால் எனக்கு வாயில் வருவது மாதாதான்.

அரிசி மில்காரர் ஒருவருக்கு இரும்புக் குழல். கிரீஸ் உள்ளே ஓடுவதற்கு வலம்புரியாக ஒரு பள்ளம். திருநீறு, பிஸ்மி, மாதா எல்லாம் முறையாக நடந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் பள்ளம் இடம்புரியாக ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ரோட்டரியை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றி மாட்டியிருந்தார்கள். ஓரம் மாறினால் அது சுற்றுகிற திசையும் எதிராகிவிடும். நான் ப்ளஸ் என்று எழுதியது அதற்கு மைனஸ். மாற்றியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் காதர். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மூணு சாமி சேந்து வந்தாலும் மைனஸ் மைனஸ்தான் மேடம்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆடி பாதி ஓடியிருந்தது. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்து, ரோட்டரியைக் கையால் திருப்பிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வெளியே தூறல் விட்டிருந்தது.

சுவரைப் பார்த்த பெயர்

அத்தையின் பெயர் உலகம்மாள். அவருக்குப் பண்பொழியில் ஒரு நாத்தனார் உண்டு. என் மாமனாரின் தங்கை. இருவருக்கும் என்ன தகராறு என்று கேட்காதீர்கள். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்திய சரித்திரம் அது. அந்த நாத்தனார் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அத்தை ஒரு பித்தளைத் தூக்குவாளி வாங்கிக் கொடுத்திருந்தார். பாத்திரக்கடையில் பேனா மாதிரி ஒன்றை வைத்து, கிர்ரென்று புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அப்படிப் பெயர் வெட்டித்தான் கொடுத்தார். பெயர் இல்லாமல் பாத்திரம் கொடுத்தால் நாளைக்கு யார் கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆடி கடைசியில் அத்தை பண்பொழி மலைக்குச் சாமி கும்பிடப் போனவர், வழியில் நாத்தனார் வீட்டிலும் தலையைக் காட்டினார். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுக்களைப் பலகையில் அந்தத் தூக்குவாளி இருக்கிறதாம், தேய்த்துப் பளபளவென்று இருக்கிறதாம், ஆனால் பெயர் சுவரைப் பார்த்து இருக்கிறதாம். அத்தை தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்த் திருப்பி வைத்தாராம். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெயர் மறுபடியும் சுவரைப் பார்த்தாயிற்று. ஆவணியில் அந்த வீட்டில் கல்யாணம். அதற்கும் சீர் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் நாள் அத்தை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அதன் பின்பக்கத்தைத் தொடப் போவது போலக் காட்டிக் கேட்டார்:

"ஏட்டி, இதுக்கு முன்பக்கம் எது, முதுகு எது?"

ரெண்டு விரல் சந்து

உருளைக்கு முதுகு கிடையாது அத்தை என்றேன். அத்தை சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் போய்ப் புதுத் தூக்குவாளி வாங்கி வந்துவிட்டார். நேரான உடம்பு, வாயில் மட்டும் மடிப்பு. அதன் வயிற்றைச் சுற்றி உலகம்மாள், உலகம்மாள், உலகம்மாள் என்று ஒரு பட்டை வேண்டுமாம். நடுவில் நடுவில் ஒரு தாமரை. அண்ணாச்சியிடம் கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "விக்கதுக்கு முன்னால ஒரு தடவ ஓட்டிக்கோ" என்றார் அவர். தகடு நசுங்காமல் இருக்க, உள்ளே இறுக்கமாக ஒரு மரக்கட்டையைக் கடைந்து செருகினார் காதர்.

பயத்தில் நான் எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தேன். வினையே அதுதான். முதலில் வயிற்றைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, அந்த நீளத்துக்குப் பெயர்ப் பட்டையை வரைந்தேன். பிறகு விட்டம் எவ்வளவு என்று வெர்னியர் அளவுகோலை வைத்தேன். வைத்தது வாயில், மடிப்பின் மேல். வாய் வயிற்றைவிடக் கொஞ்சம் பெரிது. சாமான் ஒன்று, அளவு இரண்டு. வாய்க்குத் தகுந்த மாதிரி டிகிரி கணக்காகி, வயிற்றில் போய் வெட்டியதும், பட்டை முழுச் சுற்று வராமல் நின்றுவிட்டது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ரெண்டு விரல் சந்து. மஞ்சள் பித்தளை வெறுமையாக என்னைப் பார்த்து இளித்தது.

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த தூரம் எனக்குக் குற்றாலத்துக்கும் இமயமலைக்கும் உள்ள தூரம். அத்தை வாங்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். உலகம்மாள், தாமரை, உலகம்மாள், தாமரை, உலகம்மாள், சந்து. நிறுத்தினார். முடிந்தது கதை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். அத்தை சந்தின் மேல் கட்டைவிரலை வைத்து அளந்தார்.

"ஊருல எத்தன உலகம்மா இருக்காளுவ. இந்தச் சந்துல இலத்தூருன்னு போடு, அவ நான் இல்லன்னு சொல்லிரப்பிடாது பாரு."

பண்பொழிக் கல்யாணம்

கல்யாண வீட்டில் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். நாத்தனார் வந்தார். வரிசையைப் பார்வையிட்டார். அத்தையின் தூக்குவாளி முன்னால் வந்ததும், கை பழக்க தோஷத்தில் அதைத் திருப்பியது. உலகம்மாள். இன்னும் கொஞ்சம் திருப்பினார். தாமரை, அதன் இரண்டு பக்கமும் உலகம்மாள். இன்னும் திருப்பினார். இலத்தூர். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் விடவில்லை. மொட்டையான இடம் ஒன்று இல்லாமலா போகும் என்று பாத்திரத்தைத் தட்டிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார், ரோட்டரி மாதிரி. அத்தை சற்றுத் தள்ளி நின்று, சம்பந்தமே இல்லாத யாரிடமோ சம்பந்தமே இல்லாத எதையோ பேசிக்கொண்டிருந்தார். கண் மட்டும் தூக்குவாளியில். கடைசியில் நாத்தனார் கையை எடுத்தார்.

"எங்கன திருப்புனாலும் ஒங்க மூஞ்சிதான் தெரியுது மதினி!"

பந்தி முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரு நாத்தனார் இருந்தாள், அல்லது ஓர்ப்படியாள், அல்லது பாத்திரத்தைச் சுவர் பக்கம் திருப்புகிற சம்பந்தக்காரி. ஒரு அம்மாள் மிகக் கறாராக, "அந்தச் சந்தும் வேணும், அதுல எங்க ஊரு கீழப்பாவூருன்னு போடணும்" என்றார். அளவு தப்பிப்போய் வந்த சந்து அது என்று நான் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பட்டறை வாசலில் பித்தளை மின்ன ஆரம்பித்தது. கோயம்புத்தூர் ஆள் போனில் கூப்பிட்டபோது அண்ணாச்சி பேசியதை நானே கேட்டேன்:

"விக்கலப்பா. எங்க பக்கம் சொந்தக்காரங்க சொக்காரங்க ஒருத்தர ஒருத்தர் நல்லா நினைக்கத் தொடங்குனா சொல்லி அனுப்புதேன், வந்து தூக்கிட்டுப் போ."

கொண்டி

பட்டறை தப்பித்தது. வீடு பாக்கி. சாரல் நின்று, வெயில் சுள்ளென்று அடித்த முதல் நாள் காலையில் அத்தை துணிகளை மடித்துப் பையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே. பை ஏறிய இலத்தூர் பஸ் முனை திரும்பும் வரை தெருவில் நின்று பார்த்தேன். பிள்ளையை யாரிடம் விட்டு வேலை பார்ப்பது? என் கணவருக்குச் செய்தி அனுப்பினேன். "அம்மா எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை" என்று பதில் வந்தது. அன்று பூராவும் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மவுஸ். அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று ஒத்திகை பார்த்தேன்.

அது நேற்று. இன்றைக்கு விளக்கு வைத்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் அத்தை இறங்கினார். பிறகு ஒரு சாக்குமூட்டை இறங்கியது, கணகணவென்று. பிறகு இன்னொன்று. இலத்தூரில் எத்தனை மாமியார், எத்தனை நாத்தனார் உண்டோ அத்தனை பேருடைய தூக்குவாளியும் அதற்குள் இருந்தது. யார் பெயர் எதில், எவளுடைய பெயருக்குத் தாமரை, எவளுக்கு மயில் என்று அத்தை கூடத்தில் உட்கார்ந்து வாயாலேயே ஒப்பித்தார். வாயில் அளக்காதே, வயிற்றில் அள என்று எனக்கு உத்தரவு வேறு.

இத்தனை நாளும் அத்தை படுக்கையறைக் கதவைச் சாத்தியதே இல்லை; கொண்டி, அதாவது தாழ்ப்பாள், போட்டதும் இல்லை. கட்டிலில் படுத்தபடி, நான் வேலை பார்க்கிறேனா, போன் பார்க்கிறேனா என்று ஒரு கண்ணால் காவல் இருப்பார். திறந்த கதவு வழியாக என் மகள் ஓடி வருவாள், பொத்தானை அழுத்துவாள், நான் எழுந்துபோய் அத்தையிடம் விட்டு வருவேன், மறுபடி ஓடி வருவாள். இன்று சாப்பிட்டு முடித்ததும் நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறந்த சத்தத்துக்கே அவள் தூணைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். அத்தை வந்து அவளை ஒரு கையால் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கத்தினாள். நான் எழுந்தேன்.

"நீ உக்காருட்டி. ஊருல அத்தன பேருக்கும் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன், நீ பிள்ளையக் கொஞ்சிக்கிட்டு இருந்தா எம் பேரு என்னத்துக்கு ஆவும்?"

முதல் தூக்குவாளியின் டூல்பாத்தை, அதாவது வெட்டுகிற வழியை, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிற நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது கான்வென்ட் படிப்பாக இருக்கலாம், ஆனால் நாற்காலியை விட்டு எழவிடாமல் செய்தது, பேத்தியை உள்ளே தூக்கிப்போய், கதவைச் சாத்தி, என் மாமியார் தன் கையாலேயே உள்பக்கம் போட்ட கொண்டி.